புலம்பும் கேட்போரும்: நகுலன் எழுத்தில் தனிமையின் இலக்கணம்

ஆய்வுச் சுருக்கம்

நகுலனைப் பற்றிய திறனாய்வில் தனிமை என்பது பெரும்பாலும் ஆளுமைப் பண்பாகவே பேசப்படுகிறது. தனித்து வாழ்ந்தவர், ஆகவே தனிமையை எழுதினார் என்னும் எளிய காரண காரியத் தொடர்பு அதன் அடியில் உள்ளது. இக்கட்டுரை அத்தொடர்பை ஐயுறுகிறது. 'புலம்பு' என்னும் பழஞ்சொல்லின் பொருட்பெயர்ச்சியையும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 'கேட்போர்' என்னும் உறுப்பையும் துணைக்கொண்டு, நகுலனின் நாவல்களிலும் கவிதைகளிலும் தனிமை என்பது கேட்போரை ஆக்கிக்கொள்ளும் ஓர் எழுத்துமுறையாகத் தொழிற்படுவதை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: நகுலன், நவீனன், புலம்பு, கேட்போர், செய்யுளியல், ஏடெழுதுவோர், தனிமை

கல்லில் எழுதியோர்

பழையசீவரத்துக் குன்றின்மேல் உள்ள இலட்சுமி நரசிம்மர் கோயிலிலிருந்து தெற்கே நோக்கினால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அகன்ற மணற்பரப்பு தெரியும். எதிர்க்கரையில் இருப்பது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, வெட்டப்பட்டுள்ளது. வேதமும் இலக்கணமும் பயிற்றும் கல்லூரி, மாணாக்கர் உண்டுறை விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கு அளிக்கப்பட்ட நிவந்தங்களை அது விரித்துரைக்கிறது. மருத்துவ வரலாற்றை ஆராய்வோர் இதனைப் பலகால் எடுத்தாண்டுள்ளனர். எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் இதனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தகைய ஆவணத்தை எழுதியவர் யார்?

அக்கேள்விக்கு ஒற்றை விடை கிடைப்பதில்லை. சோழர் ஆவண நடைமுறையில் அரசன் வாயால் மொழிந்ததைக் கேட்டு எழுதுபவன் திருமந்திர ஓலை. அதனை ஒப்பிடுபவன் திருமந்திர ஓலை நாயகம். வரிப்பொத்தகத்தில் பதிந்தோர், ஒப்பமிட்டோர் எனப் பலர் கைகளைக் கடந்தபின்னரே ஓர் ஆணை கல்தச்சன் உளிக்கு வந்து சேரும். எழுத்து என்பது ஒரு கூட்டத்தின் தொழில். இதே வட்டாரத்தில், உத்திரமேரூரில், முதற்பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலை ஆவணங்கள் இன்னும் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றன. அவற்றின் இறுதியில் ஊர்ச்சபையின் மத்தியஸ்தன், சபையார் பணித்தபடி தான் எழுதியதாகத் தன் பெயர் சொல்லித் தன்மை ஒருமையில் முடிக்கிறான். 'எழுதினேன்' என்னும் வினைமுற்று அங்கே நிற்கிறது. ஆனால் அந்தத் தன்மைக்கு முன்னே பெருமக்கள் இருக்கின்றனர், பின்னே அதனைக் கேட்கும் ஊர் இருக்கிறது. எழுதியவன் ஒருவனே என்றாலும் அவன் தனியன் அல்லன்.

இந்த 'எழுதினேன்' எப்போது தனித்து நிற்கத் தொடங்கியது? முன்னும் பின்னும் எவருமின்றி அது நிற்க நேர்ந்தபோது எழுதுவோன் என்ன செய்தான்? இவ்விரு வினாக்களும் இக்கட்டுரையை நகுலனிடம் இட்டுச் செல்கின்றன. ஒன்பது நூற்றாண்டுகளைத் தாண்டுவதற்கு முன் இலக்கணத்தின் வழியே சற்று நடக்க வேண்டியிருக்கிறது.

புலம்பு என்னும் சொல்

தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது. சங்கப் பாடல்களில் இச்சொல் மனிதருடைய தனிமைக்கு மட்டுமன்றி இடத்தின் தனிமைக்கும் பொழுதின் தனிமைக்கும் வருகிறது. இன்று 'புலம்புகிறான்' என்றால் தனித்திருக்கிறான் என எவரும் கொள்வதில்லை. ஆற்றாமையை ஓயாது வாய்விட்டுச் சொல்கிறான் என்றே கொள்கிறோம். நிலையைக் குறித்த சொல் பேச்சைக் குறிப்பதாயிற்று. திருக்குறளின் 121ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'நினைந்தவர் புலம்பல்' இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பது கருதத்தக்கது. அதற்கு முந்தியது 'தனிப்படர் மிகுதி'. நான்கு அதிகாரங்கள் கழிந்து வருவது 'நெஞ்சொடு கிளத்தல்'. தனிமை, தனிமையில் எழும் சொல், அச்சொல்லைக் கேட்கத் தன் நெஞ்சையே எதிரே நிறுத்திக்கொள்ளுதல் என ஒரு நகர்ச்சியை இத்தலைப்புகளின் வரிசையிலேயே காணலாம். வைப்புமுறையைக் கொண்டு மிகையாக முடிவுகட்டுவது நன்றன்று. ஆயினும் இந்நகர்ச்சி தமிழ் அகமரபுக்குப் புறம்பானதன்று.

செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் 'கூற்று' என்பதை அடுத்து நிற்பது 'கேட்போர்'. சொல்பவர் இன்னார் என்று வரையறுப்பதோடு தொல்காப்பியர் அமையவில்லை. கேட்பவர் இன்னார் என்பதும் செய்யுளின் உறுப்பே என்கிறார். மேலைக் கவிதையியலில், தனித்திருந்து தனக்குள் பேசும் கவிஞனை வாசகன் ஒட்டுக்கேட்கிறான் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றது. அகமரபில் அதற்கு இடமில்லை. ஒட்டுக்கேட்க அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய கேட்போர் உளர். தோழி, செவிலி, பாங்கன், பாணன் என எவரும் இல்லாத நிலையிலும் கேட்போர் என்னும் இடம் வெறுமையாவதில்லை. ஞாயிற்றையும் கடலையும் பறவையையும் நெஞ்சத்தையும், அவை கேட்பன போலவும் மறுமொழி தருவன போலவும் கொண்டு பேசலாம் எனச் செய்யுளியல் இடம் தருகிறது. அப்பட்டியலில் புலம்புறு பொழுதும் இடம்பெறுகிறது என்பது இங்கு முதன்மையானது. தனிமை தோன்றும் வேளையையே முன்னிலைப்படுத்தித் தனிமையைப் பேசலாம். தனிமையே தனிமையின் கேட்போராகலாம்.

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அகப்பாட்டில் பேசுபவர் புலவர் அல்லர், மாந்தர். ஆகவே அங்கே பேசப்படும் தனிமை எழுதுவோரின் தனிமை அன்று. எழுதுவோரின் தனிமை ஓர் இலக்கியப் பொருளாவதற்கு முதலில் எழுதுவோர் தனிமைப்பட வேண்டியிருந்தது.

ஏடெழுதுவோர் விலகிய பின்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையில்கூட அது நிகழ்ந்துவிடவில்லை. உ. வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதிய அவர், ஆசிரியர் புராணம் பாடிய முறையை அந்நூலிலும் 'என் சரித்திர'த்திலும் அருகிருந்து கண்டவராக விரித்துரைக்கிறார். பிள்ளையவர்கள் செய்யுளை மனத்தில் அமைத்து வாயால் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். ஆக்குவது வேறு, எழுதுவது வேறு. இரண்டுக்கும் இடையே ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளே முதற்கேட்போர். பாட்டு முற்றியபின் அரங்கேற்றம் நிகழும். அவையினர் அடுத்த கேட்போர். கடன்தொல்லை உள்ளிட்ட துன்பங்கள் பிள்ளையவர்கள் வாழ்வில் இருந்தன. ஆனால் ஒரு செய்யுள் எவர் செவியிலும் விழாமல் பிறந்து எவர் செவியிலும் விழாமல் கிடக்கும் நிலை அவருக்கு ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை.

தாளும் பேனாவும் அச்சும் பத்திரிகையும் இந்த இடையாளை விலக்கின. அவற்றால் வந்த நன்மைகளை இங்குப் பட்டியலிடுவது தேவையற்றது. விலக்கத்தின் விளைவுதான் நம் பொருள். ஆக்குபவரும் எழுதுபவரும் ஒருவரேயாயினர். கேட்போர் பெயரும் முகமும் அறியப்படாத வாசகராயினர். புதுமைப்பித்தன் சென்னையிலிருந்து மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள், பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் தலைப்பில் நூலானவை, இம்மாற்றத்தின் நடுவிலிருந்து எழுந்த ஆவணங்கள். கதைகளில் எவரையும் பொருட்படுத்தாத எள்ளலோடு பேசுபவர் கடிதங்களில் மறுமொழிக்குக் காத்திருப்பவராகக் காணப்படுகிறார். கதைக்குக் கேட்போர் எங்கோ சிதறிக் கிடந்தனர். கடிதத்துக்கோ ஒருவர் உறுதியாக இருந்தார். கமலா வாழ்ந்த திருவனந்தபுரத்திலேயே 1948 ஜூன் 30ஆம் நாள் புதுமைப்பித்தன் மறைந்தார். தமிழ் எழுத்தின் தனிமைக்கு அந்நகரோடு உள்ள உறவு நகுலனுக்கு முன்பே தொடங்கிவிட்டது எனலாம்.

திருவனந்தபுரத்து அறை

டி. கே. துரைசாமி என்னும் இயற்பெயர் கொண்ட நகுலன் 1921இல் கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார்; திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றினார். மணம் செய்துகொள்ளவில்லை. 2007 மே 17ஆம் நாள் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவில் சுருங்கிவிடுவதே அவரைப் பற்றிய தொன்மத்துக்கு வளம் சேர்த்தது. கவடியார் கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வீட்டுக்கு இளம் எழுத்தாளர்கள் சென்று கண்டு எழுதிய சந்திப்புக் குறிப்புகள் ஒரு தனி வகைமை எனச் சொல்லுமளவுக்குப் பெருகியுள்ளன. நாற்காலி, பூனை, மதுப்புட்டி, நீண்ட மௌனம் என அவற்றில் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எழுதியோரின் அன்பை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அக்காட்சிகளையே பனுவலின் உரையாகக் கொள்ளும்போது இரண்டு உண்மைகள் மறைந்துவிடுகின்றன.

முதலாவது, அவர் தனித்து இயங்கியவர் அல்லர். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின் வழியே அறியப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். நீல. பத்மநாபன், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன், காசியபன், ஷண்முக சுப்பையா ஆகியோரைக் கொண்ட ஓர் எழுத்துவட்டம் அந்நகரில் இருந்தது. 1968இல் நகுலன் தொகுத்து வெளியிட்ட 'குருக்ஷேத்திரம்' அவ்வட்டத்தையும் அதற்கு அப்பாலுள்ளோரையும் ஓரிடத்தில் கூட்டிய நூல். அவருடைய உடன்பிறந்தவரும் திரிசடை என்னும் பெயரில் கவிதை எழுதியவர். தொகுப்பாசிரியர் பணி என்பது பிறரைத் தேடிச்சென்று கேட்கும் பணி. தனிமை விரும்பியின் இயல்புக்கு அது பொருந்தி வருவதில்லை.

இரண்டாவது உண்மை வீட்டுக்குள் இருக்கிறது. தனித்து வாழ்ந்தார் என்று எழுதும் சந்திப்புக் குறிப்புகளிலேயே, நெடுங்காலம் அவ்வீட்டில் இருந்து சமைத்து அவரைப் பேணிய ஒரு பெண்மணி வந்து போகிறார். தேநீர் கொண்டுவரும் கை அங்கே இருக்கிறது. 'தனிமை' என்னும் சொல்லின் கணக்கில் மட்டும் அது சேர்வதில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு ஆதுலர் சாலையின் மருத்துவனைக் குறிப்பதோடு நில்லாமல், பச்சிலை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதன் எனப் பணிசெய்வோர் ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய நிவந்தத்தோடு எண்ணிக் குறிக்கிறது. நம் இலக்கிய வரலாறு அந்தக் கல்வெட்டின் அளவுக்குக்கூடக் கணக்கில் நேர்மை காட்டவில்லை. எழுத்தாளனின் தனிமை எனப் போற்றப்படுவது பலவேளைகளில் பிறர் உழைப்பால் ஆன ஓய்வே. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை இப்பின்னணியில் வைத்துப் படித்தால், தனியறை வாய்க்காத பெண்ணெழுத்தின் சிக்கல் முற்றிலும் வேறு என்பது புலனாகும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இவ்வளவும் சொல்வதால் நகுலனுக்குத் தனிமையே இல்லை என்றாகிவிடாது. அது இருந்த இடம் வேறு. வகுப்பறையில் ஆங்கிலம், தெருவில் மலையாளம், எழுதும் மேசையில் தமிழ் என மூன்று மொழிகளின் நடுவே அவர் வாழ்ந்தார். 1956 நவம்பர் முதல்நாள் மாநில மறுசீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அந்நகரத்துத் தமிழர் தம் மொழியின் வாசகப் பெரும்பரப்பிலிருந்து எல்லைக்கோட்டால் பிரிக்கப்பட்டனர். நகுலன் எழுதிய மொழியில் அவரைக் கேட்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர் நடக்கும் தெருவில் இல்லை. இது ஆளுமைப் பண்பன்று, நிலவியல். 1968இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் கவிதைத் தொகுதியின் தலைப்பு 'வேர்ட்ஸ் டு தி லிஸனிங் ஏர்'. காது கொடுக்கும் காற்றை நோக்கிய சொற்கள் என்பது அதன் பொருள். செய்யுளியல் காட்டிய வழியில், கேட்பது போலக் கொள்ளப்பட்ட ஒன்றை முன்னிலையாக்கும் தலைப்பு அது. அவர் தொல்காப்பியத்தை எண்ணி அத்தலைப்பை இட்டார் என்று இங்குக் கூறவில்லை. அதே தேவை அதே வழியைக் கண்டிருக்கிறது என்பதே கருத்து.

நவீனன் என்னும் கேட்போர்

'நிழல்கள்' (1965), 'நினைவுப்பாதை' (1972), 'நாய்கள்' (1974), 'நவீனன் டைரி' (1978), 'இவர்கள்' (1983), 'வாக்குமூலம்' (1992) என நீளும் நாவல் வரிசையில் நவீனன் என்னும் எழுத்தாளன் நூல்தோறும் உருமாறி வருகிறான். அவனை நகுலனின் மறுபெயர் எனக் கொண்டு வாழ்க்கை வரலாற்றுச் செய்திகளைத் தேடுவது வழக்கமாயிற்று. அவ்வாறு கொண்டால் இரண்டு பெயர்கள் எதற்கு என்னும் கேள்வி எஞ்சும். 'நகுலன்' என்பதே புனைபெயர். ஒரு புனைபெயருக்குப் பின்னே மறைந்துகொண்டவர், அதற்குள் இன்னொரு புனைபெயரை ஏன் நிறுத்த வேண்டும்?

விடை, ஒருவர் பேச ஒருவர் கேட்க இருவர் வேண்டும் என்பதே. நகுலன் என்னும் பெயரே இரட்டையருள் ஒருவனுடையது. பாரதத்தில் அவன் பெயரைச் சொல்லும்போதே சகதேவன் பெயர் உடன் வந்துவிடும். தற்செயலாகவே அமைந்திருப்பினும் இது பொருத்தமான தற்செயல். 'நினைவுப்பாதை'யில் நிகழ்ச்சித் தொடர்ச்சி மிகக் குறைவு. டைரிக் குறிப்பு, கடிதம், உரையாடல், நூல் மதிப்பீடு, கவிதை ஆகியன ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. இவ்வடிவங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுமை புலப்படும். கடிதத்துக்குப் பெறுநர் வேண்டும். உரையாடலுக்கு எதிராளி வேண்டும். நூல் மதிப்பீட்டில் அந்நூலின் ஆசிரியரே மறைமுகக் கேட்போர். டைரிக்கு நாளைய தான் கேட்போர். கதைசொல்லியின் ஒற்றைக்குரல் நீள்வதற்கு இடமளிக்காமல், கேட்போரை வேண்டி நிற்கும் வடிவங்களாலேயே நாவல் கட்டப்பட்டுள்ளது. இதனைச் சிதறல் வடிவம் என்றும் நனவோடை என்றும் குறிப்பிடுவோர் உளர். நனவோடை என்பது கேட்போரை நீக்கிய உத்தி. நகுலன் செய்தது அதற்கு நேர்மாறானது. அவர் நாவலில் நினைவுகூட ஒருவரிடம் சொல்லப்படுகிறது.

டைரியை முன்னிறுத்தி இதனை மறுப்போர் இருக்கலாம். டைரி தனிமையின் வடிவமன்றோ, அதற்குப் பிறர் கேட்போராவது எங்ஙனம்? 'நவீனன் டைரி' என்னும் தலைப்பிலேயே அதற்கு மறுமொழி உள்ளது. தன் டைரியை எழுதுபவர் தலைப்பில் தன் பெயரை இட வேண்டியதில்லை. 'இன்னாருடைய டைரி' என்று சொல்வது அதனைப் படிக்கும் மற்றொருவரின் கூற்று. எழுதுபவர் ஒருவர், எடுத்து வைத்துப் படிப்பவர் ஒருவர் என்னும் பிரிவு அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் எதிரே ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்திருந்த மாணாக்கரின் இடம் இங்கே மீண்டும் தோன்றுகிறது; அவ்விடத்தில் அமர ஆள் இல்லாமையால் எழுத்தாளர் தம்மையே இரண்டாகப் பகுத்துக்கொள்கிறார். நவீனன் சொல்கிறான், நகுலன் எழுதிக்கொள்கிறார். சில பக்கங்களில் இது தலைகீழாகவும் நிகழ்வதுண்டு. யார் சொல்ல யார் எழுதுகிறார் என்னும் மயக்கத்தை வாசகர் குழப்பமாக உணர்வது இயல்பு. அந்த மயக்கமே இவ்வெழுத்தின் இயக்கம்.

இம்முறைக்கு விலையும் உண்டு. நண்பர்களும் எழுத்தாளர்களும் பெயர் மாறி நாவல்களுக்குள் வந்து விவாதிக்கும் பக்கங்களில், குறிப்பாக 'இவர்க'ளில், அவ்வட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர் வாயிற்படியிலேயே நின்றுவிட நேர்கிறது. கேட்போரைப் பனுவலுக்குள்ளேயே ஆக்கிக்கொண்ட எழுத்து, வெளியே உண்மையாக வந்து நிற்கும் கேட்போரை மறந்துவிடும் இடங்கள் அவை. நகுலன்மீது பற்றுடையோர் இதனை ஒப்புவதில்லை. ஆயினும் மறுமுறை படிக்கும்போதும் அப்பக்கங்கள் திறப்பதில்லை.

சுசீலாவின் விடை

நாவல்களிலும் கவிதைகளிலும் ஒருங்கே வரும் சுசீலா என்னும் பெயர் பலரது ஆர்வத்தைத் தூண்டியுள்ளது. அவர் உண்மையில் இருந்தாரா, யார் என்னும் தேடல் இலக்கிய ஆய்வுக்கு உரியதன்று. எவருடைய வாழ்வுக்கும் அது மதிப்புச் சேர்ப்பதுமில்லை. பனுவலில் அப்பெயர் செய்யும் பணி யாது என்பதே வினா. சுசீலா பெரிதும் விளிக்கப்படுகிறாள். அரிதாக விடையளிக்கிறாள், அவ்விடைகளும் பேச்சை முடித்து வைப்பதில்லை. அகமரபில் தலைவி நெஞ்சை விளிக்கும்போது நெஞ்சு மறுமொழி கூறாது, ஆனால் விளி தொடரும். சுசீலாவின் இடம் தலைவியின் இடம் என்று கொள்வதைவிட நெஞ்சின் இடம் என்று கொள்வது பொருந்தும். அவள் காதலுக்குரியவள் என்பதற்கு மேலாகச் சொல்லுக்குரியவள்.

'கோட் ஸ்டாண்ட் கவிதைகள்' (1981) தொகுதியின் தலைப்பு இங்கு நினையத்தக்கது. சட்டை மாட்டும் தாங்கி என்பது ஆள் இல்லாதபோது ஆளின் வடிவம் தரித்து நிற்கும் பொருள். அறைக்குள் நுழைபவர் ஒரு கணம் அதனை மனிதர் என்றே மயங்கலாம். கடலையும் கானலையும் விளித்த மரபுக்கு இருபதாம் நூற்றாண்டு நகரத்து வாடகை அறை தந்த ஈடு இது. நிலமும் பொழுதும் நீங்கிய அறையில் கருப்பொருளாக எஞ்சியவை தளவாடங்களே. இராமச்சந்திரன் என்னும் பெயரைச் சுற்றி அமைந்த, பலரும் அறிந்த அவருடைய சிறு கவிதையும் இவ்வாறே ஆராயத்தக்கது. இருவர் சந்தித்துப் பெயரை உறுதிசெய்துகொண்டு, அப்பெயருக்குரியவர் எவர் என்பதை ஒருவர் வினவாமலும் மற்றவர் சொல்லாமலும் விடுகின்றனர். அடையாளத்தின் வெறுமையைச் சொல்லும் கவிதை என்று இது விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் தவறன்று. ஆனால் கூற்றும் கேட்போரும் என்னும் நோக்கில், உரையாடல் நிகழ்வதற்குக் கேட்போர் இன்னார் என்று அறிய வேண்டியதில்லை, ஒருவர் எதிரே நின்றால் போதும் என்னும் குறைந்தபட்ச விதியை இக்கவிதை நிறுவுகிறது. அதன் நகைச்சுவைக்குள் உள்ள பரிவும் அதுவே.

மௌனியின் கதைகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். மௌனியின் மாந்தர்க்குத் தனிமை ஒரு தரிசனத்தின் வாயில். அவ்வாயிலைக் கடக்கும்போது சொல் அவியத் தொடங்குகிறது. மிகக் குறைவாகவே எழுதி அவர் நிறுத்திக்கொண்டதற்கும் இதற்கும் தொடர்புண்டு எனக் கருத இடமுண்டு. நகுலனுக்குத் தனிமை சொல்லின் தொடக்கம். ஆகவேதான் அவர் நிறுத்தவில்லை. சில நூல்களைத் தம் பொருட்செலவிலேயே அச்சிட்டு, வாங்குவோர் மிகச் சிலர் என்று அறிந்தும், நாற்பதாண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்.

வாக்குமூலம்

எழுபது வயதையொட்டி அவர் வெளியிட்ட 'வாக்குமூலம்' நாவலின் அடிப்படைக் கற்பனை, முதியோர் தாமே விரும்பித் தம் வாழ்வை முடித்துக்கொள்ள அரசு வழிசெய்வது என்பது. அதன்பொருட்டு முதியவர் ஒருவர் தம்மைப் பற்றி எழுதித் தருவதே வாக்குமூலம். முதுமையும் இறப்பும் பற்றிய நாவல் என்று இது பேசப்பட்டுள்ளது. அதன் வடிவம் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை.

வாக்குமூலம் என்பது சட்டத்துறைச் சொல். எவரேனும் கேட்டாலன்றி வாக்குமூலம் இல்லை. கேட்கும் அதிகாரமுடைய ஒருவர், பதிந்துகொள்ளும் ஒருவர், அதனைக் கொண்டு முடிவெடுக்கும் ஓர் அமைப்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் அச்சொல் பொருள்படும். நாற்பதாண்டுக் காலம் கேட்போரைத் தாமே புனைந்துகொண்ட எழுத்தாளர், இறுதியில் கேட்க வேண்டிய கடமையுடைய ஒரு கேட்போரைப் புனைகிறார்: அரசு. இதில் உள்ள கசப்பு எளியதன்று. முதியவரின் சொல்லை அரசு கேட்க முன்வருவது, அவர் இனி இருக்க வேண்டாம் என்னும் முடிவுக்கு வந்தபோது மட்டுமே. அவ்விலையைக் கொடுத்தாவது கேட்கப்பட வேண்டும் என்னும் வேட்கை அந்நாவலின் நகைப்புக்கு அடியில் ஓடுகிறது. உத்திரமேரூர் மத்தியஸ்தனின் 'எழுதினேன்' சபையார் பணித்ததால் எழுந்தது. 'வாக்குமூல'த்தில் மீண்டும் ஒருவர், பணிக்கப்பட்டு, தன்மை ஒருமையில் எழுதுகிறார். பணிப்பவர் முகமற்ற அலுவலகம். எழுதப்படுவது ஊர் ஒழுங்கன்று, ஒரு முதியவரின் எஞ்சிய நாள்கள்.

காவ்யா பதிப்பகம் அவருடைய நாவல்களையும் கவிதைகளையும் தொகுதிகளாகக் கொண்டுவந்த பின்னரே பெரும்பாலான வாசகர்க்கு அவை ஒருசேரக் கிடைத்தன. அப்போது அவர் முதுமையில் நினைவு மங்கிக்கொண்டிருந்தார். காணச் சென்றவர்கள், தம் பெயரையும் ஊரையும் அவர் மீண்டும் மீண்டும் கேட்டதாக எழுதியுள்ளனர். அதனை நினைவிழப்பின் அவலமாகக் குறித்து அவர்கள் மேலே செல்கின்றனர். சந்திப்புக் குறிப்புகளை இனிப் படிக்கும் ஆய்வாளர், எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பகுதிகளில் சற்று நிற்க வேண்டும்.